மாடில்லாத மாட்டுக்காரன்

நமது நாட்டில் ஒரு பையன் பரீட்சையில் தவறிப்போனால் அவன் தகப்பனார் முதல் முதலாகச் சொல்லும் வார்த்தை, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதாகும். அதைவிடக் கேவலமான வேலை உலகத்தில் கிடையாது என்பது அவர் எண்ணம். அதே தகப்பனார் அன்று சாயங்காலம் அதே பையனைக் கூட்டிக்கொண்டுபோய், காசு கொடுத்துச் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து, அகலத் தொப்பியும் தோல் பூட்ஸும் இடுப்பில் துப்பாக்கியுமாகக் குதிரைமேல் வருகின்ற ஒருவனைக் கண்டதும் கை தட்டுகிறார். அவன் யார் என்று கேட்டால் "கௌபாய்" என்கிறார். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு மாட்டுக்காரப் பையன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் எந்த அகராதியிலாவது உண்டா என்று கேட்கின்றோம். தமிழில் சொன்னால் வசவு. இங்கிலீஷில் சொன்னால் வீரம்! இந்த ஒரு சங்கதியே நம்மவர்களுடைய மானத்தின் யோக்கியதையைக் காட்டப் போதுமானது.

மாடு மேய்க்கிறவன் சாமியாக இருந்தால் அவனுக்கு வெண்ணெயும் அவலும் படைத்து, உறியடி உற்சவம் செய்து, கோபாலன் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கின்றோம். மாடு மேய்க்கிறவன் மனிதனாக இருந்தால் அவனைத் திண்ணையில் உட்கார விடுவதில்லை. இவ்விரண்டும் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே நாளில் நடக்கின்றன. இப்பேர்ப்பட்ட தேசத்தில் கௌபாய் படம் ஓடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நமது வாலிபத் தோழர்கள் சிலர், "கௌபாய் என்பவன் வெள்ளைக்காரன், அமெரிக்காக்காரன், அவனுக்கும் நமக்கும் என்ன?" என்று நினைக்கலாம். அங்கேதான் புரட்டு ஆரம்பமாகிறது. அமெரிக்கக் கண்டத்தில் குதிரைமேல் இருந்து மாடு மேய்க்கும் தொழில் மெக்சிகோவில் உண்டானது. ஸ்பெயின் தேசத்தார் அங்கே மாட்டையும் குதிரையையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாடு பெருகிற்று. மேய்ப்பதற்கு ஆள் வேண்டும். பாதிரிகளும் பண்ணைக்காரர்களும் அந்த நாட்டுப் பூர்வ குடிகளையும் கலப்பு ஜனங்களையும் பிடித்துக் குதிரை ஏறப் பழக்கினார்கள். அவர்களுக்கு "வக்கேரோ" என்று பெயர். ஸ்பானிஷ் பாஷையில் "வக்கா" என்றால் பசு. ஆகவே வக்கேரோ என்றால் மாட்டுக்காரன்தான். சுருக்குக் கயிறு வீசுகின்ற வித்தைக்கு "லாஸோ" என்றும், மாட்டுப் பண்ணைக்கு "ராஞ்ச்" என்றும், மாடு அடக்கும் பந்தயத்துக்கு "ரோடியோ" என்றும் அமெரிக்கர்கள் இன்று சொல்லுகிறார்களே, அவை எல்லாம் மெக்சிகோக்காரனிடத்தில் எடுத்துக்கொண்ட வார்த்தைகள். வார்த்தையை எடுத்தார்கள், தொழிலை எடுத்தார்கள், 1846 முதல் 1848 வரை ஒரு யுத்தம் செய்து மெக்சிகோவின் பூமியில் பாதிக்கு மேலேயும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு விலையாக ஒன்றரைக் கோடி டாலர் என்று ஒப்பந்தத்தில் ஒரு கணக்கும் எழுதினார்கள். (மலைமேல் நடந்த இன்னொரு கிரயத்தைப் பின்னால் சொல்லும்போது வாசகர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு சினிமா வந்தது. சினிமாவில் மாட்டுக்காரன் வெள்ளைக்காரன் ஆனான். மெக்சிகோக்காரன் என்ன ஆனான் என்றால் திருடன் ஆனான், குடிகாரன் ஆனான், முதுகில் குத்துகிறவன் ஆனான். 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த ஊமைப் படங்களில் அவனுக்கு "கிரீஸர்", அதாவது எண்ணெய்ப் பிசுக்கன், என்பதுதான் பெயர். படத்தின் தலைப்பிலேயே அந்த வசவைப் போட்டு விற்றார்கள். வீட்டைப் பறித்துக்கொண்டவன் வீட்டுக்காரனையே திருடன் என்று கூவினால் ஊர் ஜனங்கள் எதை நம்புவார்கள்? உரக்கக் கூவுகிறவனைத்தான் நம்புவார்கள். சினிமாவைப்போல உரக்கக் கூவுகின்ற யந்திரம் வேறு இல்லை.

மெக்சிகோ தேசத்தார் இதை எத்தனை நாள் பொறுத்தார்கள்? 1922-இல் அந்தச் சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது. எந்த ஒரு படக் கம்பெனி மெக்சிகோ ஜனங்களை இழிவுபடுத்திப் படம் எடுக்கின்றதோ, அந்த ஒரு படத்தை மாத்திரமல்ல, அந்தக் கம்பெனியின் எந்தப் படத்தையும் நாட்டுக்குள் விடமாட்டோம் என்பதே அந்த உத்தரவு. இதற்குப் பெயர்தான் சுயமரியாதை. கம்பெனி முதலாளிகள் கலங்கிப் போனார்கள். மானத்தைப் பற்றிய கலக்கம் அல்ல, வசூலைப் பற்றிய கலக்கம். உடனே ஒரு தந்திரம் செய்தார்கள். வில்லனுக்கு அதே மீசை, அதே தொப்பி. தேசத்துக்கு மாத்திரம் பூகோளப் படத்தில் இல்லாத ஒரு பெயரை வைத்துவிட்டார்கள்! நம் புராணிகர்கள் ஆட்சேபணை வந்தபோதெல்லாம் "அது வேறு கல்பத்தில் நடந்தது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுகிறார்களே, அதே வித்தைதான்.

பிற்காலத்திலும் அந்த ரோஷம் அடியோடு போய்விடவில்லை. 1960-இல் "மாக்னிபிசென்ட் செவன்" என்ற படத்தை மெக்சிகோவில் வந்து எடுத்தபோது, படத்தில் வரும் கிராமத்துக் குடியானவர்களுக்கு அழுக்குத் துணி உடுத்தக் கூடாது என்று அந்நாட்டுத் தணிக்கை அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். ஆகவே அந்தப் படத்தில் ஏழைக் குடியானவர்கள் எல்லாரும் வெள்ளாவியில் வைத்து எடுத்தாற்போன்ற வேட்டி சட்டையோடு வயலில் வேலை செய்கிறார்கள். பார்த்தால் சிரிப்பு வருகின்றது. துணியில் அழுக்கு இல்லாமல் பார்த்துக்கொண்ட அதிகாரிகள், கதையில் இருந்த அழுக்கை விட்டுவிட்டார்கள். ஒரு கிராமம் முழுவதும் ஆண்பிள்ளைகள் இருந்தும் தங்களைத் தாங்கள் காத்துக்கொள்ள வகையில்லாமல், எல்லைக்கு அப்பால் இருந்து 7 துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதுதானே கதை? ஜப்பானில் கூரோசாவா 1954-இல் எடுத்த "ஏழு சாமுராய்" படத்தை அப்படியே குதிரையேற்றியது அது. அதுவே பின்னர் சமுத்திரம் தாண்டி வந்து, 1975-இல் பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்துப் பாறைகளின் நடுவே "ஷோலே" ஆயிற்று. அங்கேயும் கிராமத்தார் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஊர்ப் பெரியவரான தாக்கூர் கூலி கொடுத்து இரண்டு பேரைக் கூப்பிடுகிறார். தேசம் எத்தனை மாறினாலும் ஜனங்கள் தாங்களே கை ஓங்குவது மாத்திரம் கதைக்கு ஒத்துவருவதில்லை போலும்!

இனி இத்தாலிக்காரர்களுடைய சங்கதி. 1964-இல் செர்ஜியோ லியோனி என்பவர் "ஒரு பிடி டாலர்" என்று பொருள்படும் படத்தை எடுத்தார். அதுவும் கூரோசாவாவின் 1961-ஆம் வருஷத்து "யோஜிம்போ"வைக் கேட்காமல் எடுத்தது. ஜப்பானியக் கம்பெனி வழக்குப் போட்டு வருமானத்தில் 100-க்கு 15 பங்கு வாங்கிக்கொண்டது. அந்தப் படம் பிய்த்துக்கொண்டு ஓடியதும் அதைப் பார்த்து நூற்றுக்கணக்கில் படங்கள் கிளம்பின. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இகழ்ச்சியாக அவற்றுக்கு "ஸ்பகெட்டி வெஸ்டர்ன்" என்று பெயர் இட்டார்கள். ஸ்பகெட்டி என்பது நம் சேமியாவுக்குப் பெரியப்பன் மகன். ஆகவே சேமியாப் படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சேமியாப் படங்கள் அநேகமாக மெக்சிகோ எல்லையிலும் மெக்சிகோவிலும் நடக்கின்றன. ஆனால் எடுத்த இடமோ ஸ்பெயின் தேசத்து அல்மேரியா பாலைவனம். காசு போட்டவன் இத்தாலியன். மெக்சிகோக் கொள்ளைக்காரனாக நடித்த ஜான் மரியா வொலோன்டே இத்தாலியன். பெயர் பெற்ற இன்னொரு "மெக்சிகோக்காரன்" தொமாஸ் மிலியான் கியூபாவில் பிறந்தவர். மெக்சிகோ இருக்கின்றது, மெக்சிகோக்காரன் இல்லை! ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரர்கள் ஒரு நன்மை செய்தார்கள். சட்டத்தையும் தர்மத்தையும் காக்க வந்த பரிசுத்தவான் என்று அதுவரையில் வேஷம் போட்டுக்கொண்டிருந்த கௌபாயை, காசுக்குச் சுடுகின்றவன் என்று அம்பலத்தில் நிறுத்தினார்கள். 1966-இல் தமியானோ தமியானி எடுத்த "கியேன் சபே" என்னும் படத்தில், மெக்சிகோப் புரட்சிக்காரனோடு சிநேகம் பண்ணி அவன் தலைவனையே கொல்லுகின்ற அமெரிக்கனை, கடைசியில் அந்தக் கொள்ளைக்காரனே சுட்டுத் தள்ளிவிட்டு, கையில் இருந்த பணத்தைத் தெருவில் இருந்த ஏழைப் பையனிடம் எறிந்து, இதைக் கொண்டு ரொட்டி வாங்காதே, வெடிமருந்து வாங்கு என்று கூவிக்கொண்டு ஓடுகிறான். வெடிமருந்து வாங்கும்படி நாம் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் துப்பாக்கி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற கேள்வியாவது அங்கே எழுகின்றது.

அப்படியானால் மெக்சிகோக்காரர்கள் தாங்களே எடுத்த குதிரைப் படங்கள் எப்படி? இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சிலர், "அன்னியன் எடுத்தால் இழிவு, சொந்தக்காரன் எடுத்தால் மானம்" என்று ஒரு சுலபமான கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சுத்தத் தப்பு. 1936-இல் பெர்னாண்டோ தெ புவெந்தெஸ் என்பவர் "ராஞ்சோ கிராந்தே" என்ற பாட்டுப் படத்தை எடுத்தார். அது ஸ்பானிஷ் பேசும் தேசங்கள் எல்லாவற்றிலும் ஓடிற்று. அதில் வெள்ளிப் பொத்தான் தைத்த சட்டையும் பெரிய தொப்பியுமாகக் குதிரைமேல் பாடிக்கொண்டு வருகிறவனுக்கு "சார்ரோ" என்று பெயர். அதைப் பார்த்துப் பார்த்து அதுவே மெக்சிகோவின் தேசிய உடுப்பு என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த வெள்ளிப் பொத்தான் மாடு மேய்த்த கூலிக்காரனுடைய உடுப்பா? அல்ல, பண்ணை முதலாளியின் உடுப்பு. படம் வந்த அதே காலத்தில்தான் அந்நாட்டுத் தலைவர் கார்தெனாஸ் என்பவர் பெரும் பண்ணைகளை உடைத்துக் குடியானவர்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். வெளியே பண்ணை உடைகின்றது. கொட்டகைக்குள் "பண்ணையார் எவ்வளவு நல்லவர், பண்ணையாள் எவ்வளவு விசுவாசி, அந்தக் காலம் எவ்வளவு இனிமை" என்று பாட்டு நடக்கின்றது! சொந்தப் பாஷை, சொந்தக் குதிரை, சொந்த மீசை; எல்லாம் சொந்தந்தான். கதை மாத்திரம் முதலாளியினுடையது.

1966-இல் ரிப்ஸ்டைன் என்ற வாலிபர் "சாகும் காலம்" என்று பொருள்படும் படம் ஒன்றை அங்கே எடுத்தார். கதை எழுதியவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கார்சியா மார்க்கெஸ். ஒருவன் கொலைக்காக 18 வருஷம் சிறையில் இருந்து ஊர் திரும்புகிறான். செத்தவனுடைய பிள்ளைகள் பழிவாங்கக் காத்திருக்கிறார்கள். ஆண்மை, மானம், குலப் பழி என்று ஊர் ஜனங்கள் ஏற்றிவிடுகின்ற வெறி எப்படி மனிதனைத் தின்கின்றது என்பதைக் காட்டும் படம் அது. சொந்தப் படம் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் சேமியாப் படங்களின் வசூலைக் கண்டபிறகு மெக்சிகோக்காரர்களிலேயே சிலர், இத்தாலியன் ஸ்பெயினில் எடுத்த போலி மெக்சிகோவைப் பார்த்து, அதே புழுதி, அதே ரத்தம், அதே முறைப்பு என்று காப்பியடிக்கத் தொடங்கினார்கள். 1971-இல் மரிஸ்கால் எடுத்த "லாஸ் மார்காடோஸ்" போன்ற படங்கள் அந்த ரகத்தைச் சேர்ந்தவை. தன் முகத்தைப் பார்க்க அடுத்த வீட்டுக்காரன் வரைந்த கேலிச் சித்திரத்தைக் கேட்டு வாங்குகிறவனை என்னவென்று சொல்லுவது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்மிடத்தில் வெள்ளிப் பொத்தான் சார்ரோவும் உண்டு, சேமியாக் கௌபாயும் உண்டு. இரண்டும் தாராளமாகவே உண்டு.

முதலாவது ரகம், பட்டு வேட்டி, நெற்றிப் பொட்டு, சொம்பு, ஆலமரம், தீர்ப்பு என்று வருகின்ற நாட்டாமைப் படங்கள். "சின்னக் கவுண்டர்" 1992-இல் வந்தது; "நாட்டாமை" 1994-இல் வந்தது. ஊர்ப் பெரிய ஜாதிக்காரர் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து சொல்லுவதே சட்டம், அதற்கு அப்பீல் கிடையாது, அவர் வண்டியில் போனால் ஊர் முழுவதும் எழுந்து கும்பிட வேண்டும் என்பதைப் பாட்டும் கண்ணீரும் சேர்த்து ஊட்டியவை இவை. கோர்ட்டும் ஓட்டும் வந்து எத்தனையோ வருஷமான பின்பு, மரத்தடிக்குத் திரும்பிப் போகச் சொல்லுகின்ற இந்தப் படங்களை மெக்சிகோவின் பண்ணைப் பாட்டுப் படங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சாட்சி வேண்டாமல் சொல்லலாம்.

இரண்டாவது ரகம் 1970-க்குப் பிறகு வந்தது. ஒளிப்பதிவாளராக இருந்து டைரக்டரான கர்ணன், ஜெய்சங்கரை வைத்து 1970-இல் "காலம் வெல்லும்", 1972-இல் "கங்கா" என்று எடுத்தார். நடுவில் 1971-இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்து கே. எஸ். ஆர். தாஸ் எடுத்த "மோசகாள்ளகு மோசகாடு" வந்தது. அது ராஜஸ்தான் மணலில் எடுத்தது. 1978-இல் ரஜினிகாந்தும் "தாய் மீது சத்தியம்" என்று கௌபாய் வேஷம் கட்டினார். குதிரையை ஓடவிட்டுப் பின்னாலேயே காமிராவையும் ஓடவிடுகின்ற தொழில் திறமை கர்ணனுக்கு நிரம்ப இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது, அந்தக் குதிரை எந்த ஊரில் ஓடுகின்றது? அந்தத் தொப்பி எந்த வெயிலுக்கு? அந்தக் கௌபாயின் மாடு எங்கே? படம் ஆரம்பித்து முடியும் வரையில் ஒரு கன்றுக்குட்டியாவது கண்ணில் படுகின்றதா? மாடில்லாத மாட்டுக்காரனைச் சிருஷ்டித்த பெருமை நம்முடையது. அந்த வருஷத்திலேயே, 1970-இல், எம். ஜி. ஆர். "மாட்டுக்கார வேலன்" என்று நடித்தாரே, அதிலாவது மாடு இருந்தது.

2010-இல் சிம்புதேவன் எடுத்த "இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்" என்ற படம் இந்தப் பைத்தியத்தையே கேலி செய்து வந்தது. ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்தார்கள். அதில் கொஞ்சம் புத்தி வேலை செய்தது என்போம். சிவகாசியில் இருந்து 1980-க்கு மேல் லயன் காமிக்ஸ்காரர்கள் தமிழில் கொண்டுவந்த டெக்ஸ் வில்லர் கதைகளைப் படித்து வளர்ந்த வாலிபர்களுக்கு இந்தக் கேலியின் ருசி தெரியும். அந்த டெக்ஸ் வில்லரும் 1948-இல் இத்தாலியில் பிறந்தவன்தான். சேமியாப் படங்களுக்கு 16 வயது மூத்தவன். செவ்விந்தியப் பெண்ணை மணந்து, நவஹோ ஜனங்களுக்குத் தலைவனாக நிற்கிறவன். பொழுதுபோக்குப் பொம்மைப் புத்தகம் என்று இகழப்படுகின்ற இதில் இருக்கின்ற நியாயம்கூட நமது பெரிய படங்களில் இல்லை.

சிலர் நம்மைக் கேட்கலாம்: "அதெல்லாம் சரி, நமக்கு அந்த மாதிரியான சரித்திரம் ஏது? தங்கம் தேடிய கூட்டம், குதிரைக்காரன், பறிபோன மேய்ச்சல் நிலம், பூர்வ குடிகள், இவையெல்லாம் அமெரிக்காவில் இருந்தன, ஆகையால் அங்கே இருந்து கடன் வாங்குகின்றோம்" என்று. இப்படிக் கேட்பவர்கள் மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி ஒரு தரம் நீலகிரி மலைக்குப் போய்விட்டு வரவேண்டும். குன்னூரும் ஊட்டியும் பார்த்துச் சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்பினால் போதாது.

1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். அங்கே மேட்டுப் புல்வெளியில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தோடர்கள். அவர்களிடத்தில் ஏக்கர் ஒரு ரூபாய் என்று பூமி வாங்கி, கல் வீடு கட்டி, உதகமண்டலம் என்ற வெள்ளைக்கார ஊரை உண்டாக்கினார் என்பது எல்லாரும் சொல்லுகின்ற சரித்திரம். வாங்கினார் என்ற வார்த்தையை நன்றாகக் கவனிக்க வேண்டும். பூமிக்கு விலை உண்டு, அதைப் பத்திரம் எழுதி விற்கலாம் என்பதே தெரியாதவனிடத்தில் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்குவதும், பாதி தேசத்தை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்குவதும் ஒரே வியாபாரந்தான். பிறகு அந்தப் புல்வெளியில் சீமைக் கொட்டில் நாய்களைக் கொண்டுவந்து, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, குதிரைமேல் ஏறி வெள்ளைத் துரைகள் வேட்டையாடினார்கள். சீமையில் வேட்டையாடுகின்ற நரி இங்கே இல்லாததால் குள்ளநரியைத் துரத்தினார்கள்! மேய்ச்சல் பூமிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று ஒரு சென்னைக் கவர்னரின் பெயரும் வந்து சேர்ந்தது. இன்னும் மிஞ்சிய புல்வெளியில் சர்க்காரார் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள். மரத்தின் கீழ் புல் இல்லை. புல் இல்லாமல் எருமை இல்லை. தோடர்கள் இன்று இரண்டாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள்.

இந்தத் தோடர்களுக்குக் கயிறு வீசும் வித்தை தேவையில்லை. சாவுச் சடங்கின்போது காட்டு வேகத்தில் ஓடிவருகின்ற எருமையை வாலிபர்கள் வெறுங்கையால் கொம்பைப் பற்றி, கழுத்தில் தொங்கி அடக்குகிறார்கள். செத்தவன் மேலுலகத்தில் பால் குடிக்க எருமையைக் கொல்லுகின்ற அந்தச் சடங்கு நமக்குச் சம்மதம் இல்லை. எருமைக்கொட்டிலைக் கோவிலாகவும் பால் கறக்கிறவனைப் பூசாரியாகவும் ஆக்கியிருப்பதிலும் நமக்கு மரியாதை இல்லை. மூடநம்பிக்கை மலைமேல் இருந்தாலும் மூடநம்பிக்கைதான். ஆனால் மாட்டுக்கார வீரம் வேண்டும் என்று ராஜஸ்தானுக்கும் அல்மேரியாவுக்கும் போகின்றவர்கள் கண்ணுக்கு, கோயம்புத்தூரில் இருந்து ஐந்தாறு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய மாட்டுக்காரன் தெரியவில்லையே ஏன்? ரிவர்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் வந்து அவர்களைப் பற்றி 1906-இலேயே தடித்த புத்தகம் ஒன்று போட்டுவிட்டுப் போனார். நம்மவர்களுக்கு அவர்கள் போட்டோவில் பக்கத்தில் நிற்க வைக்கின்ற வேடிக்கைப் பொருள்.

தங்கம் வேண்டுமா? கூடலூர்ப் பக்கத்தில் தேவாலா, பந்தலூர் என்ற ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஆற்று மணலில் பொன் அரிக்கின்ற வழக்கம் பூர்வ குடிகளுக்குள் வெகு காலமாய் உண்டு. 1879-இல் சர்க்கார், பிரஃப் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க நிபுணரை வரவழைத்து ரிப்போர்ட் எழுத வைத்தது. ரிப்போர்ட் வந்ததுதான் தாமதம். லண்டனில் பங்கு வியாபாரம் தீப்பற்றிக்கொண்டது. முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள், லட்சக்கணக்கான பவுன் மூலதனம்! காப்பித் தோட்டங்கள் தங்கச் சுரங்கம் என்று பெயர் மாறிக் கொள்ளை விலைக்குக் கைமாறின. மலைக்காட்டுக்குள் யந்திரங்களை இழுத்து வந்தார்கள், கட்டடங்கள் எழும்பின. இரண்டு மூன்று வருஷத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டது. மேலே தெரிந்த பாறையில் இருந்த பொன், கீழே தோண்டினபோது கூலிக்குக்கூடக் காணவில்லை. பங்கு விற்றவன் பணக்காரன் ஆனான். பங்கு வாங்கினவன் தெருவில் நின்றான். யந்திரம் காட்டிலே துருப்பிடித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைப் பற்றி எத்தனை படம்! கலிபோர்னியாவிலாவது தங்கம் கிடைத்தது. தங்கம் இல்லாத இடத்தில் லண்டன் கனவான்கள் அடித்த கொள்ளையல்லவா இதைவிட நல்ல கதை?

அந்த மலையின் பூமி அப்பொழுது யாருடையது? நிலம்பூர்க் கோவிலகத்து ஜன்மி என்னும் ஜமீன்தாருடையது என்று தஸ்தாவேஜு சொல்லிற்று. அந்த ஜன்மத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு 1969 வரையில் ஆயிற்று. அதைப் பற்றின வழக்குகள் அதற்குப் பிறகும் கோர்ட்டுகளில் பல்லாண்டு நடந்தன. அந்தப் பூமியில் உழைத்த பணியர்கள் யார்? வயநாட்டில் வள்ளியூர்க்காவு என்று ஒரு பகவதி கோவில் இருக்கின்றது. வருஷா வருஷம் அந்த உற்சவத்தின்போது பணியர்களுக்குச் சில்லறைப் பணமும் துணியும் கொடுத்து, அம்மன் சந்நிதியில், அடுத்த உற்சவம் வரையில் இன்ன முதலாளியை விட்டுப் போகமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். போனால் அம்மன் கோபிப்பாள்! அமெரிக்காவில் அடிமையைச் சங்கிலியால் கட்டினார்கள். சங்கிலிக்குச் செலவு உண்டு. இங்கே பகவதியால் கட்டினார்கள், செலவே இல்லை. ஆளை வைத்து வேலை வாங்குவதற்கு ஆண்டவனைக் காவல்காரனாக வைத்த இந்தச் சந்தையைப்போல ஒரு காட்சி உலகத்துக் குதிரைப் படங்கள் எதிலாவது உண்டா?

குறும்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவ்விந்தியன் என்றால் மந்திரமும் கூச்சலும் என்று நம் படங்கள் காட்டுகின்றன. இங்கே மலைக் குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று நம்பி, மாடு செத்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்கள்மேல் பழி போட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டங் கூட்டமாகக் கொன்ற செய்திகள் வெள்ளைக்கார அதிகாரிகளின் ஜில்லாக் குறிப்புகளில் இருக்கின்றன. சூனியம் இல்லை என்று சொல்லுகின்ற ஒரு படம், குதிரை ஓடுகின்ற நூறு படத்துக்குச் சமானம்.

இவ்வளவும் இருக்கின்ற மலையில் நம்மவர்கள் எடுத்தது என்ன? பாட்டு. கதாநாயகனும் நாயகியும் தேயிலைச் செடிக்கு நடுவில் ஓடுவார்கள். முதுகில் கூடை கட்டின பத்துப் பெண்கள் பின்னால் ஆடுவார்கள். அட்டை கடிக்கின்ற சரிவில், மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, காலையில் பெரட்டுக்கு நின்று, சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, லயத்துக்குத் திரும்புகின்றவளுக்கு ஆட நேரம் ஏது? அல்மேரியா அமெரிக்காவாக நடித்ததுபோல நமது நீலகிரியும் காஷ்மீராக நடிக்கின்றது, சுவிட்சர்லாந்தாக நடிக்கின்றது. 1998-இல் வந்த "உயிரே" படத்தில் மலை ரயிலின் கூரைமேல் ஆடினார்களே, கதைப்படி அது நீலகிரியே அல்ல! ஊட்டி எப்போதும் ஊட்டியாக மாத்திரம் நடிக்கக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கின்றதா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தியாவின் சினிமாச் சுருளையே இந்த மலையில் செய்தார்கள். மத்திய சர்க்கார் 1960-இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற தொழிற்சாலையைத் தொடங்கிற்று; 1967-இல் "இந்து" என்ற பெயரில் சுருள் வெளிவந்தது. எருமை மேய்ந்த மேட்டில் செய்த சுருளில் எருமைக்காரன் முகம் பதியாமலேயே தொழிற்சாலையும் மூடிவிட்டது.

பாலா 2013-இல் எடுத்த "பரதேசி" என்ற படத்தை நாம் மறந்துவிடவில்லை. தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைத் துணிந்து காட்டினார், பாராட்ட வேண்டியதுதான். அதற்கு ஆதாரம் டாக்டர் டானியல் 1969-இல் இங்கிலீஷில் எழுதிய "ரெட் டீ" நாவல், தமிழில் இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" என்று கொண்டுவந்தார். எழுதின டானியல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். படத்திலோ டாக்டர் என்பவர் ஆடிப்பாடி மதத்துக்கு ஆள் பிடிக்க வந்தவராகக் காட்சி தருகிறார், சங்கத்தைக் காணோம். எந்த மதத்துக்கும் வக்காலத்து வாங்க நாம் இங்கே வரவில்லை. சங்கம் வைத்து மீண்டவர்களின் கதையில் இருந்து சங்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அழுகைதான் மிச்சம். மெக்சிகோக் குடியானவனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டுக் கையை மாத்திரம் கட்டிப்போட்ட அதே தந்திரம் இங்கேயும் தலை காட்டுகின்றது.

1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளுகிறது என்று எழுதினார்கள். மந்தையில் உருப்படி எண்ணுவதைப்போல எண்ணினார்கள். அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் இதே கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்கள். சர்க்கார் அவர்களுக்காக 1968-இல் தேயிலை போட ஆரம்பித்து, 1976-இல் அதைக் கார்ப்பரேஷன் ஆக்கிற்று. அங்கே ஒரு சமூகம் இலங்கையிலும் கொழுந்து பறித்தது, இங்கேயும் கொழுந்து பறிக்கின்றது. அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்". கொட்டகையில் உட்கார்ந்தால் அவர்களுக்குக் கிடைப்பது தொப்பி போட்டவன் துப்பாக்கிச் சுழற்றல்.

ஆகவே சினிமா முதலாளிகளையும் டைரக்டர்களையும் நாம் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கூரோசாவாவிடம் கற்றுக்கொள்ளுங்கள், லியோனியிடமும் கற்றுக்கொள்ளுங்கள். வித்தைக்கு ஜாதியும் தேசமும் இல்லை. ஆனால் அடுத்த தடவை குதிரைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வரும்போது ராஜஸ்தானுக்கு டிக்கெட் வாங்குவதற்கு முன் பந்தலூருக்கு ஒரு பஸ் டிக்கெட் வாங்கிப் பாருங்கள். குதிரைக்கும் கவலை வேண்டாம். ஊட்டி ஏரிக்கரையில் மணிக் கணக்கில் வாடகைக்கு நிற்கின்றன.